ஆவரசம்பூத் தேநீர்: பூவை உலர்த்திக் காய்ச்சும் முறை

திருகோணமலைத் துறைமுகத்திற்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களிலும், தெற்கே கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும், வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் மஞ்சட் பூக்களைத் தாங்கி நிற்கும் செடி ஆவரசு ஆகும். ஆவரை, ஆவாரை என்பனவும் இதன் பெயர்களே. சிங்களத்தில் இது ரணவரா எனப்படும். இதன் பூவை உலர்த்தி நீரிற் காய்ச்சிப் பருகும் வழக்கம் இலங்கையின் உலர் வலயத்தில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கடைகளிற் பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் ரணவராத் தேநீரும் இதுவே.

உலர்ந்த பூவிலிருந்து தேநீர் செய்யும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. ஐரோப்பாவிலும் எகிப்திலும் சீமைச் சாமந்தி எனப்படும் கமோமில் பூவை இவ்வாறே பயன்படுத்துகின்றனர். அது குளிர்காலத்தை வேண்டி நிற்கும் பயிராதலின் திருகோணமலையின் வெப்பத்திற்கு ஏற்றதன்று. ஆவரசோ நீர் பாய்ச்சுதலும் உரமிடுதலும் இன்றியே இம்மாவட்டத்து மண்ணில் வளர்கின்றது. ஆகையால், விலை கொடுத்து வாங்கும் பூவைத் தேடுவதிலும் வேலியில் உள்ள பூவைச் சரிவரப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ளுதல் கமக்காரக் குடும்பங்களுக்கு நன்மை தருவதாகும்.

தேநீர் காய்ச்சுதல் எளிது. பூவைப் பழுதின்றி உலர்த்துதலே கவனம் வேண்டும் வேலையாகும். ஈரத்தோடு அடைத்த பூ பூஞ்சணம் பிடிக்கும். நாசினி பட்ட பூ நஞ்சைக் குவளைக்குக் கொண்டு வரும். இத்தேநீர் நல்லதாவதும் தீயதாவதும் அடுப்பிலன்று, பறிக்கும் இடத்திலும் உலர்த்தும் பாயிலுமே தீர்மானிக்கப்படுகின்றன.

செடியை இனங்காணல்

மஞ்சட் பூப் பூப்பதெல்லாம் ஆவரசு ஆகாது. ஆவரசு ஆளுயரம் வரை வளரும் பல கிளைகளையுடைய செடி. ஒவ்வோர் இலையிலும் எட்டு முதற் பன்னிரண்டு சோடி வரையான சிற்றிலைகள் உள. இலைக்காம்பு தண்டிற் பொருந்தும் இடத்திற் காது மடல் போன்ற அகன்ற பச்சைச் செதில்கள் உதிராமல் நிற்கும். இதுவே இதன் தெளிவான அடையாளம். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு இச்செடிக்கு இட்ட தாவரவியற் பெயரில் உள்ள ‘அவுரிக்குலாட்டா’ என்னும் சொல்லும் ‘காதுடையது’ என்றே பொருள்படும். காய்கள் தட்டையாகவும், கடதாசி போல் மெல்லியனவாகவும் இருக்கும்.

இதனோடு மயங்கத்தக்க செடிகள் சில உள. தகரையில் மூன்று சோடிச் சிற்றிலைகளே காணப்படும். அதன் காய் ஒடுங்கி நீண்டிருக்கும். பொன்னாவரையிற் கூரிய நுனியுடைய நாலைந்து சோடிச் சிற்றிலைகள் உள. கசக்கினால் தீய நாற்றம் வீசும். சரக்கொன்றை மரமாக வளர்ந்து பூங்கொத்துகளைத் தொங்கவிடும். அது பேதியுண்டாக்கும் இயல்புடையது. வீட்டு முற்றங்களில் நிற்கும் மஞ்சள் அலரியோ கொடிய நஞ்சு. அதன் எல்லாப் பகுதிகளிலும் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள் உண்டு. அதன் இலை ஒடுங்கிய தனியிலை. பூ மணி வடிவினது. ஒடித்தால் வெண்பால் வடியும். பால் வடியும் செடி எதிலிருந்தும் தேநீருக்குப் பூப் பறித்தல் ஆகாது. சிறுவரைப் பூப் பறிக்க அனுப்புமுன் காது போன்ற செதிலை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தல் வேண்டும்.

எங்கே பறிப்பது

கமக்காரர் கருத்திற் கொள்ள வேண்டிய முதல் விதி இதுவாகும்: நாசினி தெளிக்கும் பயிருக்கு அருகில் நிற்கும் செடியிலிருந்து பூப் பறித்தல் ஆகாது. தம்பலகாமம், கந்தளாய் முதலிய இடங்களின் வயல் வரம்புகளிலும், மிளகாய், கத்தரி, வெங்காயத் தோட்டங்களின் ஓரங்களிலும் நிற்கும் செடிகள் மீது காற்றோடு வரும் நாசினித் துளிகள் படியும். கத்தரிக்காயைக் கழுவலாம், தோலைச் சீவலாம். பூவின் மெல்லிதழை அவ்வாறு செய்ய இயலாது. மேலும், பூ உலரும்போது நீர் போய்விடுகின்றதேயன்றி அதன்மேற் படிந்த நாசினி முற்றாகப் போய்விடுவதில்லை. எனவே, உலர்ந்த பூவில் அதன் செறிவு கூடுதலாகவும் அமையலாம்.

வாகனங்கள் ஓடும் பெருவீதியின் ஓரத்தில் புழுதி படிந்து நிற்கும் செடிகளையும் தவிர்த்தல் வேண்டும். வீட்டுக் கோடியில், நாசினி எட்டாத வேலியில் நிற்கும் நாலைந்து செடிகள் ஒரு குடும்பத்தின் தேவைக்குப் பெரிதும் உதவும். அவ்வாறு செடி இல்லாதவர்கள் அதனை நட்டுக்கொள்ளும் முறை பின்னர்க் கூறப்படும்.

எப்போது, எவ்வாறு பறிப்பது

மழைக்குப் பின் ஆவரசு மிகுதியாகப் பூக்கும். எனினும் மாரி காலத்திற் பறிக்கும் பூவை உலர்த்துதல் கடினம். இம்மாவட்டத்தின் ஆண்டு மழையிற் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிற் பெய்கின்றது. அக்காலத்திற் காற்றும் ஈரமுடையது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. பயிர்களை வாட்டும் அக்காற்றே பூவை உலர்த்துவதற்குச் சிறந்த துணையாகும். ஆகவே, ஓராண்டுக்கு வேண்டிய பூவைச் சிறுபோக காலத்திற் சேர்த்து வைத்தல் நலம்.

காலையிற் பனியீரம் காய்ந்த பின், வெயில் ஏறுமுன், அன்று மலர்ந்த பூக்களையும் மலரும் நிலையிலுள்ள முதிர்ந்த மொட்டுகளையும் பறித்தல் வேண்டும். வாடியவற்றையும் உதிர்ந்தவற்றையும் எடுத்தல் ஆகாது. பறித்த பூவை ஓலைப் பெட்டியிலோ கடகத்திலோ தளர்வாக இடுதல் வேண்டும். பொலிதீன் பையில் அடைத்தால் பூ வெதும்பிக் கறுக்கும்.

செடியில் உள்ள பூ முழுவதையும் பறித்தல் தகாது. மூன்றில் ஒரு பங்கையேனும் விட்டுவைத்தல் வேண்டும். ஆவரசம்பூவில் தேன் இல்லை. எனினும் மகரந்தத்திற்காகத் தேனீக்களும் கருவண்டுகளும் அதனை நாடி வருகின்றன. இத்தகைய வண்டினங்கள் தோட்டத்துக் கத்தரிப் பூவிலும் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவன. அவற்றுக்கு உணவு விட்டுவைத்தல் தோட்டத்திற்கும் நன்மையே.

பூச்சிகளை அகற்றல்

பறித்த பூவை வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் நிழலிற் பரப்பி வைத்தால் எறும்பும் சிறு பூச்சியும் வெளியேறும். பின்னர்ச் சுளகில் இட்டு மெல்லப் புடைத்து, காம்பு, இலை, பிஞ்சுக்காய் ஆகியவற்றை அகற்றுதல் வேண்டும்.

இங்கு ஒரு வண்டினை விழிப்புடன் நோக்குதல் வேண்டும். கறுப்பு நிறமும், அதன் குறுக்கே செம்மஞ்சள் நிறப் பட்டைகளும் உடைய வண்டு பயற்றம் பூ, வெண்டிப் பூ முதலியவற்றைத் தின்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். அதன் உடலில் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் நஞ்சு உண்டு. வண்டு இறந்து உலர்ந்த பின்னரும் அந்நஞ்சு அழிவதில்லை. பூவோடு கலந்து அது கொதிநீருக்குள் சென்றால் பருகுபவரின் குடலுக்கும் சிறுநீரகத்திற்கும் பெருந்தீங்கு நேரலாம். ஆகையால் பூவை ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்துப் பார்த்தே உலர்த்தும் பாயில் இடுதல் வேண்டும். அவ்வண்டினை வெறுங்கையால் நசுக்குதல் ஆகாது.

உலர்த்தல்

பூவை நேர் வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளிறும். காற்றோட்டமுள்ள நிழலே ஏற்றது. விறாந்தையிலோ, கூரையுள்ள கொட்டிலிலோ, நிலத்தினின்றும் முழங்கால் உயரத்திற்குக் கம்பு கட்டி, அதன்மேற் பன்பாயையோ வலையையோ விரித்து, பூவை ஒன்றன்மேல் ஒன்று கிடவாதபடி ஒரே படையாகப் பரப்புதல் வேண்டும். அடியிலும் காற்றுச் செல்லுமாயின் பூ விரைந்து உலரும். கச்சான் புழுதியையும் வாரி வருமாதலின் மேலே மெல்லிய துணியொன்றை விரித்துவிடுதல் நன்று. நாளொன்றுக்கு இரு முறை பூவைப் புரட்டிவிடுதல் வேண்டும்.

செய்யத் தகாதவை சில உள. வெறும் உரப் பையை விரித்து அதன்மேற் பூவை உலர்த்துதல் ஆகாது. நெல் உலர்த்திய களத்தில் உரத்தூளும் எருத்தூளும் கிடத்தலால் அங்கும் பரப்புதல் ஆகாது. பத்திரிகைத் தாளின் மை ஈரப் பூவில் ஒட்டும். அடுப்பின் மேற் பரணில் வைத்தால் புகை நாற்றம் ஏறும்.

கரையோர ஊர்களில் உலர்த்துவோர் மாலை நேரத்தையே பெரிதும் கவனித்தல் வேண்டும். பகலெல்லாம் கச்சானில் உலர்ந்த பூ, பொழுது சாயும் வேளையிற் கடலீரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அது மொறுமொறுப்பின்றித் துவண்டு கிடக்கும். இவ்வாறு உலர்ந்தும் ஈரமாகியும் கிடக்கும் பூவிலேயே பூஞ்சணம் தோன்றுகின்றது. ஆதலால் நான்கு மணிக்கு முன்னரே பூவைத் திரட்டி, மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு வீட்டினுள் வைத்து, மறுநாள் வெயில் ஏறிய பின் மீண்டும் பரப்புதல் வேண்டும். கோடையில் மூன்று முதல் ஐந்து நாட்களில் வேலை முடியும்.

உலர்ந்ததை அறிதல்

விதைநெல் உலர்ந்ததா எனப் பல்லாற் கடித்துப் பார்க்கும் கமக்காரர் பூவையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். இதழ் மட்டும் நொறுங்குவது போதாது. இதழ் விரைந்து உலரும், பூவின் அடிப்பாகமோ ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அடிப்பாகத்தை நகத்தால் ஒடித்தால் வளையாமல் முறிதல் வேண்டும்.

நிறுவை உள்ளவர்கள் ஒரு பிடி பூவை இன்று நிறுத்து, மறுநாள் மாலையும் நிறுத்துப் பார்க்கலாம். எடை மேலும் குறையாதாயின் உலர்தல் முடிந்ததாகக் கொள்ளலாம்.

இறுதிச் சோதனை போத்தற் சோதனையாகும். உலர்ந்த கண்ணாடிப் போத்தலிற் பூவை இட்டு இறுக மூடி, வெப்பமான இடத்தில் ஓர் இரவும் ஒரு பகலும் வைத்தல் வேண்டும். போத்தலின் உட்புறத்தில் நீராவி படிந்தாலும், பூ துவண்டாலும், அதனை மீண்டும் உலர்த்துதல் வேண்டும். இச்சோதனையில் தேறாத பூவைச் சேமித்தல் ஆகாது.

சேமித்தல்

தேறிய பூவை இறுகிய மூடியுள்ள கண்ணாடிப் போத்தலிலோ தகரப் பேணியிலோ நிரப்பி, திகதியை எழுதி ஒட்டி, வெளிச்சமும் அடுப்பு வெக்கையும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். நாசினி இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினும் பயன்படுத்துதல் ஆகாது. ஈரக் கையையும் ஈரக் கரண்டியையும் உள்ளே இடுதல் கூடாது. ஓராண்டுக்குள் பூவைப் பயன்படுத்தி முடித்து, அடுத்த கோடையிற் புதுப் பூ சேர்த்தல் நன்று.

வெண்மையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் கண்டால், அல்லது புழுங்கல் நாற்றம் வீசினால், போத்தலில் உள்ளதனைத்தையும் எருக்குழியில் இடுதல் வேண்டும். கெட்ட பகுதியை நீக்கி மிகுதியைப் பயன்படுத்தலாம் என்பதும், கொதிக்க வைத்தாற் கேடு நீங்கும் என்பதும் தவறான எண்ணங்கள். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சு கொதிநீரின் வெப்பத்தால் அழியாதது.

தேநீர் காய்ச்சுதல்

கமோமில் பூவின் சிறப்பு அதன் மணத்தில் உள்ளது. கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடுமாதலின் அதன்மேற் கொதிநீரை ஊற்றி மூடி வைப்பதே வழக்கம். ஆவரசம்பூவில் மணம் சிறிதே. அதன் நிறமும் துவர்ப்பும் சற்றுக் கொதித்த பின்னரே நீரில் நன்கு இறங்கும். ஆகவே இதனைக் காய்ச்சுதலே முறையாகும்.

நால்வருக்கு நான்கு குவளை, அதாவது ஏறக்குறைய 800 மில்லிலீற்றர் நீர் எடுத்தல் வேண்டும். கோடையிற் கரையோரக் கிணறுகள் சில உவர்க்கும். அந்நீரிற் சுவை கெடுமாதலின் நன்னீரையே கொள்ளல் வேண்டும். நீர் கொதித்ததும் நொறுக்கிய உலர்பூ இரண்டு மேசைக்கரண்டி இட்டு, மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம் காய்ச்சி இறக்குதல் வேண்டும். மேலும் ஐந்து நிமிடம் தெளியவிட்டு, துணியிலோ வடியிலோ வடித்தெடுத்தால் பொன்னிறமான தேநீர் கிடைக்கும். அதிக நேரம் காய்ச்சினால் துவர்ப்பு மிகும்.

மண்சட்டி, இனாமற் பாத்திரம், எவர்சில்வர் ஆகியவை ஏற்றவை. இரும்புச் சட்டியிற் காய்ச்சினால் பூவின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து தேநீர் கறுத்துவிடும். பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு பருகுதல் பலர்க்கும் பிடித்தமானது. சிறிது இஞ்சி தட்டிப் போடுவாரும் உளர். காய்ச்சியதை அன்றே பருகி முடித்தல் வேண்டும்.

மருந்தும் பானமும் ஒன்றல்ல

ஆவரசு பூத்திருக்கும் ஊரிற் சாவு நெருங்காது என்னும் கருத்தில் ஒரு பழமொழி தமிழரிடையே வழங்குகின்றது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இச்செடியை நீரிழிவுக்குக் கையாளுகின்றன. இதனால், ஆவரசம்பூத் தேநீர் பருகுகின்றோம் என்று கூறி, ஆஸ்பத்திரியில் தரும் குளிசைகளை நிறுத்திவிட எண்ணுவாரும் உண்டு. இது உயிருக்கே தீங்காக முடியலாம்.

2002ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவரசம்பூச் சாறு கொடுத்தபோது குருதியிற் சர்க்கரை குறைந்தது. எலியிற் கண்ட இப்பயன், வீட்டிற் காய்ச்சும் ஒரு குவளைத் தேநீர் மனிதரின் நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்பதற்குச் சான்றாகாது. பூவில் உள்ள பொருளின் அளவு செடிக்குச் செடியும் காய்ச்சும் முறைக்கு ஏற்பவும் மாறும். மேலும், குளிசையோடு இத்தேநீரையும் மிகுதியாகப் பருகுபவருக்கு சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். நடுக்கமும், வியர்வையும், தலைச்சுற்றும் அதன் அறிகுறிகள். நீரிழிவுக்கெனத் தேநீரைக் காய்ச்சி, அதனோடு பனங்கட்டியையும் கடிப்பதிற் பயன் இல்லை, பனங்கட்டியும் சர்க்கரையே.

வலிப்பு நோய்க்குக் காபமசெபீன் என்னும் மருந்தை உட்கொள்வோர் சிறப்பாக விழிப்புடன் இருத்தல் வேண்டும். இலங்கை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆவரசம்பூத் தேநீரோடு அம்மருந்தைப் பெற்ற விலங்குகளின் குருதியில் மருந்தின் அளவு ஏறக்குறைய 47 சதவீதம் உயர்ந்திருந்தது. அளவு மிஞ்சிய மருந்து நஞ்சாகும். ஆகவே நாள்தோறும் மருந்து உட்கொள்வோரும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இதனைப் பருகுதல் வேண்டும்.

துவர்ப்புள்ள எப்பானமும் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். குருதிச் சோகையுள்ளோர் இதனை உணவோடு சேர்த்துப் பருகாமல் ஒரு மணி நேர இடைவெளி விடுதல் வேண்டும். நலமுள்ளோர் நாளுக்கு ஒன்றிரண்டு குவளை பருகுதல் போதுமானது.

வேலியில் நடுதல்

முற்றி உலர்ந்த காய்களிலிருந்து விதையை எடுத்தல் வேண்டும். விதையின் தோல் கடினமானது. கரடான கல்லில் சிறிது உரைத்தோ, அடுப்பினின்று இறக்கிய வெந்நீரில் இட்டு ஓர் இரவு ஊறவிட்டோ விதைத்தால் முளைத்தல் எளிதாகும். ஒக்டோபரில் முதல் மழை பெய்ததும் வேலியோரமாக ஒரு மீற்றர் இடைவெளியில் குழிக்கு மூன்று விதையாக இட்டு, முளைத்த பின் நல்ல கன்றொன்றை நிறுத்துதல் வேண்டும். முதற் கோடையைத் தாண்டிய செடி வறட்சியைத் தாங்கும்.

பூப்பறித்து முடிந்த பின் கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் தளிர் வரும். வெட்டிய இலைகுழையை நெல்வயலிற் சேற்றுழவின்போது பசுந்தாளாக இட்டு மிதித்துவிடலாம். விதைப்புக்கு இரு கிழமைகளுக்கு முன்னராவது இதனைச் செய்தல் வேண்டும். ஆவரசு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், சணலைப் போன்று வேரில் முடிச்சு உண்டாக்கி நைதரசனைச் சேர்ப்பதன்று. இலைகுழையாலேயே இதன் பயன். பட்டையை உரித்தல் ஆகாது. தென்னிந்தியாவில் தோல் பதனிடும் தொழிலுக்காக முன்னர் ஆவரம்பட்டை பெருமளவில் உரிக்கப்பட்டது. பட்டையிழந்த கிளை பட்டுப்போகும்.

விற்பனை செய்வோர்க்கு

தேவைக்கு மேற்பட்ட உலர்பூவை விற்க எண்ணுவோர், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்திற்கு அமையவே விற்றல் வேண்டும். பொதி செய்யுமுன் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விதிகளைக் கேட்டறிதல் நன்று. பொதியின்மேல் நோய் தீர்க்கும் என எழுதுதல் தகாது. சுத்தமான, நிறம் மாறாத, முறியும் வரை உலர்ந்த பூவே தனக்கு வேண்டிய நற்பெயரைத் தேடிக்கொள்ளும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. காது போன்ற செதிலைக் கண்டு ஆவரசை உறுதிப்படுத்துக. பால் வடியும் செடியைத் தொடாதிருக்க.

2. நாசினி தெளிக்கும் வயல், தோட்டங்களின் ஓரத்திற் பறியாதிருக்க.

3. பட்டை வண்டுகள் இல்லையென்று ஒவ்வொரு பிடியையும் பார்த்து இடுக.

4. நிழலில் ஒரே படையாக உலர்த்துக. நான்கு மணிக்கு முன் உள்ளே எடுக்க.

5. போத்தற் சோதனையில் தேறிய பூவையே சேமிக்க. பூஞ்சணம் கண்டதை முழுவதும் எறிக.

6. இரும்புச் சட்டியிற் காய்ச்சாதிருக்க.

7. இத்தேநீருக்காக வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாதிருக்க.

விதை சேர்த்தல், வேலி நடுதல் என்பன பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறியலாம்.